ஞாயிற்றுக்கிழமை கழலும் செயின்

என் மாமாவின் சைக்கிள் செயின் வாரத்தில் ஆறு நாள் ஒழுங்காகத்தான் இருக்கும். விடிந்ததும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது கழலாது. இரண்டு வாளிப் பாலை மாட்டிக்கொண்டு ஸ்டோர் மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போதும் கழலாது. மழைக்காலத்தில் செம்மண் சேறு சக்கரம் முழுக்க அப்பிக்கொள்ளும், அப்போதும் அசையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைத்துக் கஞ்சி போட்ட கவுனை நான் மாட்டிக்கொண்டு, முன்கம்பியில் மடித்துப் போட்ட துண்டின்மேல் உட்கார்ந்து தம்பின் டவுன் மாதா கோயிலுக்குப் போகும்போது மட்டும் கழன்று விழும். அதுவும் மூன்றாம் டிவிசன் வளைவில்தான் விழும். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது வெள்ளைக்காரர்கள் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தோட்டத்தில் தள்ளித் தள்ளி இருந்த லயத்து வீடுகளை எல்லாம் காலி பண்ணி, ஆட்களைப் பெரிய டிவிசனுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி அடித்துவிட்டார்கள். மூன்றாம் டிவிசனில் இருந்த மாமாவும் அத்தையும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா அம்மாவுக்குத் தம்பி. வந்தபோது அத்தை மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தாள். ரொம்ப நாளாக உடம்புக்கு முடியவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்குப் பத்து வயது, அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. அவர்களோடு ஒரு சைக்கிளும் வந்ததே என்ற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அது எவ்வளவு பெரிய தலைவலி என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துபோயிற்று.

காலை ஆறு மணிக்கு ஊரடங்கு முடிந்து கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிற எல்லோரையும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சோதனை போடுவார்கள். அரிசி ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது. சைக்கிள் பம்பைக் கழற்றிக் குலுக்குவார்கள். சீட்டைத் தூக்கிக் குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். செயினுக்கு விடலாம் என்று ஒரு முறை அப்பா சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பினார். சமையல் எண்ணெயும் வெளியே போகக் கூடாத சாமான் என்று அதைக் கேட்டிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அப்பா விடவில்லை, கம்பிக்கு உள்ளேயே செயின் சொட்டச் சொட்ட எண்ணெயை ஊற்றி அனுப்பினார். ரோட்டில் இருந்த செம்மண் தூசி பூராவும் அதில் ஒட்டி, கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் செயின் நறநறவென்று அரைக்க ஆரம்பித்துவிட்டது. என் கவுனின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. எத்தனை வெளுப்பு வெளுத்தும் அது போகவில்லை.

செயின் விஷயத்தில் எங்கள் லயத்தில் அபிப்பிராயம் சொல்லாத ஆளே கிடையாது. செயின் நீண்டுபோய்விட்டது, ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார் அப்பா. கண்ணியை எடுத்தால் பல்லில் உட்காராமல் குதிக்கும், வேண்டாம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். புதுச் செயின் போடுவதுதான் நல்லது என்று தோட்ட ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணி சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் சக்கரம் அதைத் தின்றுவிடும், போட்டால் செயினையும் இரண்டு பல்சக்கரத்தையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று இன்னொருவர் மறித்தார். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து இந்தப் பஞ்சாயத்து நடக்கும். மாமா எல்லோருக்கும் தலையாட்டுவார். எல்லோரும் போனதும் சைக்கிளை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோய் வைப்பார். செயின் மேல் ஒரு விரல் படாது. எனக்கு அழுகை அழுகையாக வரும்.

வளைவில் நடப்பது இன்னும் மோசம். மூன்றாம் டிவிசன் லயங்களின் கூரைத் தகரத்தை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும்தான் மிச்சம். அந்தப் பக்கம் யாரும் நிற்கவே கூடாது, நின்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மூன்று பாஷையில் பலகை வைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி மணல் மூட்டை அடுக்கிய ஒரு காவல் கொட்டகை இருக்கும். எங்கள் சைக்கிள் சரியாக அங்கே வந்ததும் மாமா பெடலைப் பின்பக்கமாக ஒரு மிதி மிதிப்பார். கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். செயின் தொங்கிவிடும்.

"விழுந்திருச்சு" என்பார், ஏதோ மழை வந்துவிட்டது என்பதைப் போல.

கொட்டகையிலிருந்து மலாய்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கியோடு எட்டிப் பார்ப்பார். "ரந்தாய் ஜாத்தோ லாகி?" என்று, மறுபடியும் செயின் விழுந்ததா என்று கேட்டுச் சிரிப்பார். மாமாவும் கையை உயர்த்திக் காட்டிச் சிரிப்பார். ரிப்பேர் வண்டி என்பதால் விட்டுவிடுவார்கள்.

கழன்ற செயினை மாட்டுவது ஒரு வேலையா? பின்சக்கரத்துப் பல்லில் செயினை உட்காரவைத்து, முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் ஒரு கண்ணியைக் கொடுத்துப் பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். இரண்டாவது வாரமே நான் பார்த்துப் பழகிவிட்டேன். மாமாவுக்கு அதற்குக் கால்மணி நேரம் பிடிக்கும். குந்தி உட்கார்ந்து செயினைக் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டிருப்பார். நான் மாட்டுகிறேன் என்றால் கையில் மை ஆகிவிடும் என்று தள்ளிவிடுவார். பின்னால் கேரியரில் உட்கார்ந்து வரும் அத்தை, அவர் கை துடைக்க இலை பறித்து வருகிறேன் என்று கிளம்பிவிடுவாள். காலடியில் கூடைக் கணக்கில் ரப்பர் இலை கிடக்கும். அவளுக்கு அது ஆகாது. இடிந்த லயத்துக்குப் பின்னால் இருக்கும் ரம்புத்தான் மரம் வரைக்கும் போக வேண்டும். போனால் போனதுதான். திரும்பி வரும்போது கையில் நாலே நாலு இலை இருக்கும். காலையில் அம்மா வைத்துவிட்ட பூ தலையில் இருக்காது. ஒரு பூவைத் தலையில் காப்பாற்றத் தெரியவில்லையே இந்த அத்தைக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இருந்த அவசரம் அவர்களுக்கு எங்கே புரிந்தது? அந்த வருடம் நான் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னால் ஞானோபதேச வகுப்பு. எடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. நாங்கள் சிஸ்டர் என்போம். சிஸ்டருக்குக் கடிகாரம்தான் கண். வகுப்பு தொடங்கி ஜெபம் முடிந்த பிறகு வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை அப்படியே நிற்கவிட்டுவிடுவார். எத்தனையோ வாரம் நான் வாசலில் நின்றிருக்கிறேன். நகரத்துப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். "உங்க சைக்கிளு இன்னிக்கும் படுத்திருச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். கடைசியில் சிஸ்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு தாமதமாக வந்தால், எனக்கு இந்த வருடம் புதுநன்மை கிடையாது. அடுத்த வருடம்தான்.

வீட்டில் வந்து அழுதேன். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அத்தை என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்விட்டாள். யாராவது ஒருவர், செயினைச் சரி பண்ணிவிடலாம் என்று சொல்ல வேண்டாமா?

இவர்களை நம்பிப் பயனில்லை என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நானே கிளம்பினேன். அன்றைக்கு நல்ல வேளையாக மழை பிடித்துச் சிஸ்டரே தாமதமாக வந்திருந்தார். அத்தை பசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கோயில் மதிலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிர்வரிசைச் சீனர் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை முதலாளியான தவுக்கே கால்சட்டையும் பனியனுமாகக் குந்தி உட்கார்ந்து டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முன் பல்சக்கரத்தில் இருந்த செயினை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். தேய்ந்த செயினாக இருந்தால் பல்லை விட்டு எழும்பி வருமாம். இது எழும்பவில்லை. பல்சக்கரத்தின் பற்களைத் தடவினார். ஒன்றுகூட வளையவில்லை. பிறகு பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரந்தாய் பாகூஸ் லா. ரோடா தா பெத்துல்."

செயின் நல்ல செயின், சக்கரம் இருக்கிற இடம்தான் சரியில்லை. பின்சக்கரத்து அச்சு உட்காரும் காடியில் அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம். பின்னால் இழுத்து முடுக்கினால் செயின் விறைப்பாக நிற்கும். யாரோ அதை முடிந்தமட்டும் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் செயின் தொங்குகிறது. அச்சு எங்கே இருக்க வேண்டும் என்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் எழுந்திருப்பதற்குள் மாமா ஓடி வந்துவிட்டார்.

"வேணாம் தவுக்கே, வேணாம். நான் வீட்டுல பாத்துக்கிறேன்லா."

முகமெல்லாம் வேர்த்திருந்தது. சக்கரத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாத மாமா நமக்கு வாய்த்திருக்கிறாரே என்று வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. வரும் ஞாயிறோடு மூன்றாம் டிவிசன் ரோட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு டவுனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தோட்டத்து லாரியில், வேறு வழியாக, காவலோடுதான் போக வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. அதைத் தாண்டிவிட்டால் இந்தப் பாழாய்ப்போன சைக்கிளில் ஏறவே வேண்டாம். மாமாவும் அத்தையும் மத்தியானம் சாப்பிடவில்லை. லாரியில் போவதற்கு இவ்வளவு வருத்தமா என்று நினைத்தேன்.

சாயங்காலம் மாமா ரேஷன் வாங்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து, அப்பாவின் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். அச்சு நட்டு எனக்கு அசையாது என்று பயந்திருந்தேன். அது அடிக்கடி திறந்து மூடிய நட்டைப் போலச் சுலபமாகத் திரும்பியது. தவுக்கே போட்ட சாக்கட்டிக் கோடு மங்கலாக இருந்தது. சக்கரத்தை அதுவரைக்கும் இழுத்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, நட்டைத் திருகி, முடிவில் சைக்கிளைக் கீழே படுக்கவைத்து ஸ்பேனர்மேல் ஒரு காலால் ஏறி நின்று முடுக்கினேன். ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் போட்டு மறுபக்கம். செயினைத் தட்டிப் பார்த்தேன். விறைப்பாக நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான வேலை என்று அதைத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் கூட்டம் அதிகம். மாமாவுக்குக் குனிந்து பார்க்க நேரம் இல்லை. அத்தை அன்றைக்கு வழக்கத்தைவிட நிறையப் பூ வைத்திருந்தாள். அம்மா கொடுத்தது போதாமல் வேலி ஓரத்துச் செடியிலிருந்து பறித்தும் வைத்திருந்தாள். ரோட்டில் ஏறியதும் சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வளைவு வந்தது. மாமா வேகத்தைக் குறைத்துப் பின்பக்கமாக ஒரு மிதி மிதித்தார். செயின் அசையவில்லை. மறுபடி மிதித்தார். முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. சைக்கிள் தள்ளாடியது, செயின் தன் பாட்டுக்குச் சுற்றியது. கேரியரில் இருந்த அத்தை அவர் முதுகில் தட்டினாள். "என்னாங்க" என்றாள். இன்னொரு தரம் தட்டினாள்.

"விழாது மாமா!" என்று நான் கத்தினேன். "நேத்து நான்தான் வீல இழுத்து டைட் பண்ணேன். இனிமே விழவே விழாது!"

கொட்டகையிலிருந்து அந்தக் கான்ஸ்டபிள் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நிற்காமல் வருவதைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம். "ஹாரி இனி ரந்தாய் பாய்க் லா!" என்று, இன்றைக்குச் செயின் நன்றாக இருக்கிறதே என்று, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மாமாவும் கையை உயர்த்திச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மிதித்தார். வளைவு பின்னால் போய்விட்டது.

மூன்றாம் டிவிசனில் அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம்தான் இருந்ததாம். அதற்குள் சாமியாரைக் கூட்டிவர முடியவில்லை. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அங்கே இருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அந்தக் காலத்தில் கோயில் கல்லறையில் இடம் இல்லை. மாமா தன் லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தார். சிலுவைகூட வைக்கவில்லை. இரண்டே மாதத்தில் லாரிகள் வந்து லயத்தைக் காலி பண்ணிவிட்டன. அங்கே போய்வர அனுமதி கேட்டு மாமா ஒரு தடவை கிராணியிடம் போனாராம். எதற்கு என்று கிராணி கேட்டதும் திரும்பி வந்துவிட்டாராம். இதெல்லாம் என் முதல் குழந்தை பிறந்து நான் படுத்திருந்தபோது அம்மா பேச்சுவாக்கில் சொன்னது. பிள்ளைகள் காதில் போட வேண்டாம் என்று அன்றைக்குப் பெரியவர்கள் முடிவு பண்ணினார்களாம். நல்ல முடிவு!

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சரி, சொல்ல வேண்டாம். செயின் விழாவிட்டால் என்ன, டயரில் காற்றை இறக்கியிருக்கக் கூடாதா? பிள்ளைக்கு வாந்தி வருகிறது என்று நிறுத்தியிருக்கக் கூடாதா? மாமா ஜாடை காட்டியிருந்தால் அந்தக் கான்ஸ்டபிளின் பூட்ஸ்மேலேயே நான் வாந்தி எடுத்துக் காட்டியிருப்பேனே! ஒரே பொய்யை வாரா வாரம் சொல்லத் தெரிந்த மனிதருக்கு இன்னொரு பொய் சமயத்துக்கு வரவில்லை. அவரைத் திட்டித் திட்டிப் பார்க்கிறேன், கடைசியில் திட்டு என்மேல்தான் வந்து விழுகிறது. அந்த ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்கியது நான்தானே.

செயின் விழாத அந்த ஞாயிறு கோயிலுக்கு நாங்கள்தான் முதல். சிஸ்டர் கதவைத் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதல் வரிசையில் உட்காரச் சொன்னார். அன்றைய பாடம் ஞானஸ்நானம். கேள்வியும் பதிலுமாக மனப்பாடம் பண்ண வேண்டும். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தது நான் மட்டும்தான். சிஸ்டர் என்னைத் தட்டிக்கொடுத்து, இவளுக்கு இந்த வருடம் புதுநன்மை நிச்சயம் என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

திரும்பும்போது எப்போதும் போல ரேஷன் சாமான் ஏற்ற வந்த தோட்டத்து லாரியில் சைக்கிளோடு எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த லாரி வழியில் எதற்காகவும் நிற்காது. அத்தை பின்பலகை ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தலையில் பூ அப்படியே இருந்தது. நேரத்துக்கு வந்து சேர்ந்த எனக்கு ஒரு சபாஷ்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் குறை. அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து அன்றைய பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன். லாரிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னேன். ஞானஸ்நானம் என்றால் என்ன, அதைக் கொடுப்பது எப்படி, அது இல்லாமல் இறந்துபோகும் குழந்தைகள் மோட்சம் போவார்களா, போக மாட்டார்கள்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு, சிஸ்டர் முன்னால் சொன்னதைவிடத் திருத்தமாகச் சொன்னேன்.

"அப்ப அதுங்க எங்க போவுமாம்?"

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் பெரியவர் ஒருவர் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அத சிஸ்டர் சொல்லித் தரல அத்தை. அடுத்த வாரம் மறக்காம கேட்டு வந்து சொல்றேன்" என்றேன்.